பழைய கதவின் மார்ட்டிஸ் பூட்டு: சரிசெய்வதா, மாற்றுவதா?

கைப்பிடி பாதியில் தொங்குகிறது. சாவியை முழுதாக உள்ளே விட்டு, ஒரு நூல் வெளியே இழுத்து, லேசாக இடப்பக்கம் அழுத்தினால்தான் திரும்புகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்குவம் கைவந்துவிட்டது. வந்த விருந்தாளிதான் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார். அன்றைக்குத்தான் பேச்சு எழுகிறது: பூட்டு பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம்.

மாற்றலாம்தான். ஆனால் அதை முதல் யோசனையாக வைக்காதீர்கள் என்பது என் கட்சி. மார்ட்டிஸ் பூட்டு கதவின் மேல் ஒட்டி நிற்பதில்லை. கதவின் விளிம்பில் ஒரு பொந்து குடைந்து, பெட்டி முழுதும் அதற்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். வெளியே தெரிவது விளிம்பில் ஒரு முகத் தகடு, இரண்டு பக்கமும் கைப்பிடி, சாவித் துளை, அவ்வளவுதான். அந்தப் பொந்தும் துளைகளும் அந்த ஒரு பூட்டின் அளவுக்கு வெட்டியவை. வேறு அளவில் ஒன்று வந்தால் மரத்தில் உளி வைக்க வேண்டிவரும். பூட்டை இன்னும் பத்து முறை மாற்றிக்கொள்ளலாம். வெட்டி எடுத்த மரம் திரும்பி வராது. அதனால் இருக்கிற ஒவ்வொரு வழியையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: இதற்காகக் கதவில் எவ்வளவு வெட்ட வேண்டும்?

கோளாறு பூட்டிலா, கதவிலா?

ஒன்றுமே வெட்ட வேண்டாத வழியிலிருந்து தொடங்குவோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். நாக்கு சுலபமாக வெளியே வந்து உள்ளே போகிறதா? அப்படியானால் பூட்டுக்கு ஒன்றும் இல்லை. மூடிய பிறகுதான் முரண்டு பிடிக்கிறது என்றால், கதவு இறங்கியிருக்கிறது அல்லது ஈரத்தில் ஊறியிருக்கிறது.

இதை நான் தெரிந்துகொண்டது கொஞ்சம் அசட்டுத்தனமாக. ஒரு அறைக் கதவின் பூட்டை இரண்டு முறை கழற்றித் துடைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் மேஜை மேல் வெண்ணெய் போல் ஓடியது, கதவில் மாட்டினால் இறுகிக்கொண்டது. வேறு வேலைக்கு வந்திருந்த தச்சர் ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, கைப்பிடியைப் பிடித்துக் கதவை அரை நூல் மேலே தூக்கிக்கொண்டு, "இப்ப சாவியத் திருப்புங்க தம்பி" என்றார். திரும்பியது. மேல் கீலில் ஒரு திருகு பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பசை தடவிய மரச் சிம்புகளை அந்தத் துளையில் அடித்து, காய்ந்ததும் கொஞ்சம் நீளமான திருகைப் போட்டார். அந்தப் பூட்டு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

எங்கே இடிக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், நாக்கின் முனையில் சாக்பீஸோ கண்மையோ தடவி, கதவை மூடிச் சாவியைத் திருப்புங்கள். கதவு நிலையில் இருக்கும் தகட்டில் தடம் விழும். ஓட்டையின் கீழ் விளிம்பில் விழுந்தால் கதவு இறங்கியிருக்கிறது. ஓரிரண்டு மில்லிமீட்டர்தான் என்றால் அரத்தால் தகட்டைக் கொஞ்சம் ராவிவிட்டால் போதும். அதற்கு மேல் என்றால் கீலைக் கவனிக்க வேண்டும். தகட்டை மேலும் மேலும் ராவிக்கொண்டே போனால் கதவும் அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் இறங்கும். மழைக்காலத்தில் ஊறிய கதவை அவசரப்பட்டு இழைத்துவிடாதீர்கள். காய்ந்ததும் இடைவெளி பல்லைக் காட்டும்.

கைப்பிடி தொங்குவதற்கும் பூட்டைக் குற்றம் சொல்லும் முன் ஒரு சோதனை உண்டு. கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, அவை கோத்திருக்கும் சதுரக் கம்பியை மட்டும் பூட்டில் விட்டுக் குறட்டால் திருப்பி விடுங்கள். அது விசையோடு பழைய இடத்துக்குத் திரும்பினால் உள்ளே ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. பல பழைய பூட்டுகள் உருண்டைக் குமிழுக்காகச் செய்யப்பட்டவை. குமிழின் எடை நடுவிலேயே இருப்பதால் மெல்லிய ஸ்பிரிங் போதும். பின்னால் யாரோ அழகுக்காக நீட்டுக் கைப்பிடி மாட்டியிருப்பார்கள். ஒரு பக்கமாக இழுக்கும் அந்த எடையை அந்த ஸ்பிரிங்கால் தாங்க முடியாது. இதற்கு மருந்து புதுப் பூட்டு இல்லை. தனக்குள்ளேயே ஸ்பிரிங் வைத்த கைப்பிடி, அல்லது பழையபடி குமிழ். கைப்பிடி லொடலொடவென்று ஆடினால் சதுரக் கம்பியின் மூலைகள் மழுங்கியிருக்கும். பூட்டிலேயே அற்பமான துண்டு அதுதான். பெரும்பாலும் குற்றவாளியும் அதுதான்.

பெட்டியைத் திறந்தால்

திறந்த கதவிலும் பூட்டு மக்கர் செய்கிறது என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ளாதபடி ஒரு கட்டையை அண்டக் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். கைப்பிடி, சதுரக் கம்பி இரண்டையும் எடுங்கள். சாவி நாக்கு உள்ளே இழுத்திருக்க வேண்டும். சிலிண்டர் வகை, அதாவது சாவி நுழையும் பகுதி தனித் துண்டாகக் கழன்று வரும் வகை, என்றால் முகத் தகட்டில் சிலிண்டருக்கு நேராக ஒரு நீள திருகு இருக்கும். அதைக் கழற்றி, சாவியைக் கொஞ்சமாகத் திருப்பிப் பிடித்தபடி இழுத்தால் சிலிண்டர் வெளியே வரும்.

பழைய கதவுகளில் அடுத்த தொல்லை பெயின்ட். ஐந்தாறு கை அடித்த பெயின்ட் முகத் தகட்டையும் மரத்தையும் ஒன்றாக ஒட்டியிருக்கும். கத்தி முனையால் தகட்டைச் சுற்றிக் கீறுங்கள். திருகுகளின் தலையில் அடைத்திருப்பதைச் சுரண்டி எடுங்கள். திருகுகள் வந்த பிறகும் பெட்டி அசையாவிட்டால் தகட்டின் ஓரத்தில் உளியை நுழைத்து நெம்பாதீர்கள், மரம் சில்லுச் சில்லாகப் பெயரும். சதுரக் கம்பியின் துளை வழியாக ஒரு திருப்புளியைக் குறுக்கே விட்டு, இரண்டு பக்கமும் பிடித்து விளிம்பை நோக்கி மெதுவாக இழுத்தால் பெட்டி நழுவி வரும்.

பெட்டியைப் படுக்க வைத்து மூடியின் திருகைக் கழற்றுங்கள். மூடியை ஒரே இழுப்பாக இழுக்காமல், ஒரு விரலால் உள்ளே இருப்பதை அமுக்கிக்கொண்டு மேலே தூக்குங்கள். ஸ்பிரிங் ஒன்று துள்ளிப் போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. திறந்ததும் எதையும் தொடாமல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரிவது பெரும்பாலும் தார் போன்ற ஒரு கறுப்பு. யார் யாரோ விட்ட எண்ணெய், தூசி, மரத்தூள் எல்லாம் சேர்ந்து இறுகிய பிசின் அது. அதற்குள் கம்பி நுழையும் சுழல் துண்டு, அது தள்ளும் சாய்வான நாக்கு, கீழே சாவி தள்ளும் நாக்கு, அதன் மேல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகள்தான் லீவர்கள். அவற்றை எடுத்த வரிசையிலேயே திரும்ப அடுக்க வேண்டும். இரண்டு இடம் மாறினாலும் உங்கள் சாவி உங்களுக்கே வேலை செய்யாது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். நான் பார்த்த பூட்டுகளில் பாதி இந்த ஒரு குளியலிலேயே பிழைத்துக்கொண்டன. மீதியில் பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கும்: இரண்டாகிப் போன ஒரு தட்டைப் பட்டையோ, களைத்துப்போன ஒரு சுருளோ. அதே அகலத்தில் ஸ்பிரிங் பட்டை கிடைத்தால் வெட்டி வளைத்து வைத்துவிடலாம். திரும்பப் பூட்டும்போது சாய்வு நாக்கு உரசும் இடத்திலும் சுழல் துண்டிலும் மட்டும் ஒரு பொட்டு கிரீஸ். லீவர்களில் எண்ணெய் வேண்டாம். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மறுபடியும் தூசி சேரும். அங்கே கிராஃபைட் தூள் போதும். சிலிண்டருக்கும் அதேதான். கிராஃபைட் போட்ட இடத்தில் எண்ணெய் விட்டால் இரண்டும் குழைந்து சேறாகிவிடும்.

சாவி தேய்ந்திருந்தால் அதை வைத்தே நகல் வெட்டாதீர்கள், தேய்மானமும் சேர்ந்து நகலாகும். பூட்டையே சாவி செய்பவரிடம் கொடுத்தால், லீவர்களைப் பார்த்து அவற்றுக்கேற்ப வெட்டித் தருவார். சாவி தொலைந்த லீவர் பூட்டுக்கும் இதுதான் வழி. அதைத் தூக்கிப் போட அவசியம் இல்லை.

எப்போது கைவிடுவது? வார்ப்புத் துண்டு விரிசல் விட்டிருந்தால், குறிப்பாகத் துத்தநாகக் கலவையில் வார்த்த சுழல் துண்டு உடைந்திருந்தால், ஒட்டவும் முடியாது, பற்றவைத்தாலும் நிற்காது. பித்தளைத் துண்டு என்றால் கைதேர்ந்தவர் தேய்ந்த துளைக்குள் உறை போட்டுத் தருவார். மூடி திருகில்லாமல் ரிவெட் அடித்திருந்தால் திறப்பதே தனி வேலை, சாதாரணப் பூட்டுக்கு அந்த உழைப்பு தகாது. என் கணக்கு இதுதான்: கெட்டது ஒரு துண்டு என்றால் சரிசெய்யலாம். மூன்று துண்டு தேய்ந்திருந்தால் நாலாவதும் வழியில் இருக்கிறது.

அதே அளவில் புதுசு

கைவிட்டாயிற்று என்றால் அடுத்து நல்ல வழி, பழைய பொந்துக்குள் அப்படியே போகும் புதுப் பூட்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முகத் தகட்டை வைத்துப் பார்த்து, "அச்சாக அதே மாதிரி" என்று வாங்கிவிடுகிறார்கள். நானும் ஒரு முறை அப்படி வாங்கினேன். தகடு பொருந்தியது, பெட்டி அரை அங்குலம் ஆழம் அதிகம்.

எடுக்க வேண்டிய அளவுகள் இவை: பெட்டியின் உயரம், ஆழம், தடிமன், முகத் தகட்டின் நீளம், அகலம், சதுரக் கம்பியின் பருமன். இவற்றைவிட முக்கியமானவை இன்னும் இரண்டு. முகத் தகட்டின் வெளிப்பக்கத்திலிருந்து சாவித் துளையின் நடுவரை உள்ள தூரம் ஒன்று. கைப்பிடித் துளையின் நடுவிலிருந்து சாவித் துளையின் நடுவரை உள்ள தூரம் இன்னொன்று. பிரிட்டிஷ் பாணி லீவர் பூட்டுகளில் இந்த இரண்டாவது தூரம் வழக்கமாக 57 மில்லிமீட்டர்; பெட்டி 64 அல்லது 76 மில்லிமீட்டர் ஆழம்; சாவித் துளை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 44 அல்லது 57 மில்லிமீட்டரில் இருக்கும். ஜெர்மானியத் தர அளவில் வரும் உள் அறைப் பூட்டுகளில் கைப்பிடிக்கும் சாவிக்கும் 72, விளிம்பிலிருந்து 55. சதுரக் கம்பி பெரும்பாலும் 8. மிகப் பழைய பூட்டுகள் இந்த எந்தக் கணக்குக்கும் அடங்காமல் இருக்கலாம். அதனால் கையில் கழற்றிய பெட்டியோடு போவதுதான் உத்தமம்.

ஏன் இந்த நச்சரிப்பு? 57 இருந்த இடத்தில் 72 வந்தால் புதுத் துளை பழையதற்கு 15 மில்லிமீட்டர் கீழே விழும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு நீள ஓட்டையாகிவிடும். நீளமான பின்தகடு உள்ள கைப்பிடி போட்டு மறைக்கலாம். ஆனால் அதன் திருகுக்கு அடியில் மரம் இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து உள்ள தூரம் குறைந்தால் இன்னொரு வேதனை: உருண்டைக் குமிழைத் திருப்பும்போதெல்லாம் விரல் முட்டி நிலையில் உரசும். 44 மில்லிமீட்டரில் நீட்டுக் கைப்பிடிதான் சரி. குமிழுக்கு 57 வேண்டும்.

புதுப் பெட்டி சின்னது என்றால் கவலை இல்லை. பொந்தில் மரக்கட்டை ஒன்றை, கதவின் நார் ஓடும் திசையிலேயே, பசை போட்டு அடைத்து மறுபடி அளவாக வெட்டலாம். பெரியது என்றால் யோசியுங்கள். 35 மில்லிமீட்டர் கதவில் 16 மில்லிமீட்டர் பொந்து வெட்டினால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது பத்துக்கும் குறைவான சுவர். பழைய கதவு 30 என்றால் ஏழு. அதில் இன்னும் ஒரு நூல் எடுத்தால், ஓங்கிச் சாத்தும் ஒரு நாளில் பிளந்துகொள்ளும். சட்டம் கோத்த பலகைக் கதவில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நடுக் குறுக்குச் சட்டத்தின் முனை நெட்டுச் சட்டத்துக்குள் செருகி நிற்பது அனேகமாகப் பூட்டின் உயரத்தில்தான். அங்கே ஆழமாகக் குடைந்தால் கதவைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இணைப்பையே வெட்டுகிறீர்கள்.

வாங்கும்போது இன்னொன்று. சாய்வு நாக்கின் சரிவு நிலைத் தகட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பல புதுப் பூட்டுகளில் நாக்கைத் திருப்பிப் போடலாம், சிலவற்றில் முடியாது. ஒன்றின் மேல் ஒன்று படியும் இரட்டைக் கதவு என்றால் படிக்கட்டு போல் மடிந்த முகத் தகடு வேண்டும். சாதாரணத் தகடு உட்காராது.

லீவரா, சிலிண்டரா?

உள் அறைக்கு இந்தக் கேள்வியே வேண்டாம், எது பொந்தில் போகிறதோ அது. வாசல் கதவுக்குத்தான் யோசனை.

லீவர் பூட்டு சாதாரணமானதல்ல. 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற வடிவமைப்பில், லீவரைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, அதிகம் தூக்கினாலும் திறக்காது. சரியான உயரத்துக்கு வந்தால்தான் வழி விடும். 1818இல் ஜெரமையா சப், யாராவது கள்ளச்சாவி போட்டு அதிகம் தூக்கினால் இறுகிக்கொண்டு காட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார். 1851இல் லண்டன் கண்காட்சியின்போது அமெரிக்கப் பூட்டு நிபுணர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதையும் திறந்து காட்டினார் என்பது வேறு கதை. இன்றைய கணக்கில் பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 3621 வாசல் பூட்டுக்கு நாக்கு 20 மில்லிமீட்டர் வெளியே வர வேண்டும் என்கிறது. இந்தத் தரத்தில் வரும் லீவர் பூட்டுகள் ஐந்தோ அதற்கு மேலோ லீவர் கொண்டவை. உங்கள் பழைய பூட்டில் இரண்டு மூன்று லீவர்தான் என்றால், அது மறைவுக்கு மட்டுமே, காவலுக்கு ஆகாது.

சிலிண்டர் பூட்டு, லைனஸ் யேல் 1861, 1865 ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற ஊசிப் பூட்டின் (சாவியின் பற்கள் சிறு ஊசிகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் திறப்பது) வழிவந்தது. இதில் பெரிய சௌகரியம், சாவி தொலைந்தால் சிலிண்டரை மட்டும் மாற்றலாம், பெட்டி அப்படியே இருக்கும். குடியிருப்பவர் அடிக்கடி மாறும் வீட்டுக்கு இது வரப்பிரசாதம். பலவீனமும் அங்கேதான்: நடுவில் திருகு நுழையும் இடத்தில் உடம்பு மெலிந்திருக்கும். வெளிப்பக்கம் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருந்தால் திருடன் குறட்டால் பிடித்து அங்கேயே ஒடித்துவிடுவான். கதவின் தடிமனுக்கு ஏற்ற நீளம் எடுத்து, வெளியே கைப்பிடித் தகட்டோடு ஒட்டினாற்போல் நிற்கும்படி பார்க்க வேண்டும். பழைய லீவர் கதவில் இதைப் போடச் சிலிண்டருக்காகப் புதுத் துளை வெட்ட வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே, நன்றாக இருக்கும் லீவர் பூட்டைச் சிலிண்டராக மாற்ற எனக்கு மனம் வருவதில்லை.

பழையது இருக்கட்டும், இன்னொன்று சேரட்டும்

வாசல் கதவுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். பழைய பூட்டைச் சுத்தம் செய்து, கதவைச் சாத்தி வைக்க அதையே விட்டுவிடுங்கள். காவலுக்கு, சற்றுத் தள்ளி, மரச் சட்டங்கள் ஒன்றுசேராத இடமாகப் பார்த்து, தனியாக ஒரு பலமான பூட்டு. கதவின் உட்பக்கம் மேலோடு பதியும் வகை என்றால் சிலிண்டருக்கு ஒரு துளை, நாலு திருகு, பொந்து வேண்டியதில்லை. பழைய பித்தளைக் குமிழும் சாவித் துளை மூடியும் இடம் மாறாது. வேலைப்பாடு மிக்க கதவுக்கு இதைவிடக் கண்ணியமான வழி தெரியவில்லை. குறை, சாவி இரண்டாகும். பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உள்ளேயும் சாவி போட்டுத்தான் திறக்க முடியும் என்ற பூட்டு வாசலில் வேண்டாம். தீப்பிடித்த இரவில் சாவியைத் தேட முடியாது. உள்ளிருந்து திருகினாலே திறக்கும் வகைக்கென்றே பிஎஸ் 8621 என்று தனித் தரம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழைய பூட்டு நன்றாக ஓடினாலும் மாற்றச் சொல்வேன். குளியலறையும் அப்படித்தான்: வெளியிலிருந்து நாணயத்தாலோ திருப்புளியாலோ திறக்கும் வசதி இல்லாத பூட்டு, குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் இருக்கக் கூடாது. தீத்தடுப்புக் கதவு என்றால் நீங்களாக எதையும் வெட்டாதீர்கள். அந்தக் கதவும் பூட்டும் சேர்ந்தே சோதிக்கப்பட்டவை.

மற்றபடி படுக்கையறை, சாமான் அறை எல்லாம் சரிசெய்தே ஓட்டலாம். ஏற்கெனவே மூன்று பேர் மூன்று விதமாக வெட்டிப் பொந்து சல்லடையாகிப்போன கதவு என்றால், தயங்காமல் கட்டை அடைத்துப் புதுப் பூட்டு போட்டுவிடுங்கள். அங்கே காப்பாற்ற மரம் மிச்சம் இல்லை.

அப்புறம், எதை மாற்றினாலும் கழற்றிய பூட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரே காலத்தில் கட்டிய வீட்டில் மற்ற கதவுகளிலும் அதே பூட்டுதான் இருக்கும். சாவியோடு ஒரு பையில் போட்டு, எந்தக் கதவுடையது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை உடையப்போகும் ஸ்பிரிங் அதற்குள்தான் இருக்கிறது.